நாற்றங்காலுக்கு முன்னால் வாய்க்கால்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் கண்டல், அதாவது அலையாத்தி மரம், நடும் வேலை சூடு பிடித்தது. வெளிநாட்டுப் பணம் வந்தது, தொண்டு நிறுவனங்கள் வந்தன, பள்ளிப் பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து 23 இடங்களை நேரில் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வு 2017-இல் வெளியானது. நடவு நடந்த பரப்பு 1000 முதல் 1200 ஹெக்டேர். அதில் காடாக எழுந்து நின்றது 200 முதல் 220 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள்.

பிலிப்பைன்ஸின் கதை இன்னும் நீளமானது, செலவும் அதிகம். பல பத்தாண்டுகளாக அங்கே கண்டல் நடவில் கொட்டப்பட்ட பெருந்தொகைகளைப் பிரிமவேரா, எஸ்டெபான் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் மறுபரிசீலனை செய்தார்கள். நீண்டகால நோக்கில் பிழைப்பு விகிதம் 10 முதல் 20 சதவீதம்தான் என்றார்கள்.

இரண்டு நாடுகளிலும் கன்றுகள் மோசமானவை அல்ல. பல நாற்றங்கால்களில் நன்றாகவே வளர்ந்திருந்தன. அவற்றைக் கொண்டுபோய் நட்ட இடம்தான் தவறு. அலையாத்திக் காட்டை மீட்பது பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றைப் படித்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான். ஆனாலும் ஒவ்வொரு புதிய திட்டமும் நாற்றங்காலில்தான் தொடங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. வரிசையாக அடுக்கிய பச்சைக் கன்றுகளை எண்ணலாம், படம் எடுக்கலாம், அமைச்சரை அழைத்து வந்து காட்டலாம். ஓதம் எத்தனை அங்குலம் ஏறி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் படம் எடுக்க முடியாது.

நாற்றங்கால் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எந்த மரத்துக்கு, எந்த இடத்துக்கு, எந்த வேலைக்குப் பிறகு என்பதுதான் கேள்வி. அதற்கு விதையிலிருந்து தொடங்க வேண்டும்.

அலையாத்தி மரங்கள் இனம் பெருக்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்று சொல்லப்படும் ரைசோஃபோரா மரங்களில் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது. முளை கீழ்நோக்கி முருங்கைக்காய் போல நீள்கிறது; ரைசோஃபோரா முக்ரோனேட்டாவில் அரை மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. காயும் முளைக்குச்சியும் சேரும் இடத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால் அது முற்றிவிட்டது. ரைசோஃபோரா அபிகுலேட்டாவில் அந்த வளையம் செம்பழுப்பாக இருக்கும். இழுத்துப் பறிக்கக் கூடாது. முற்றியது லேசாகத் திருகினாலே கழன்று வரும். அவசரத்தில் பச்சையாகப் பிடுங்கிய குச்சிகள் பையில் அழுகுவதுதான் புதிதாக ஆரம்பித்த நாற்றங்கால்களில் முதலில் நேரும் இழப்பு.

இந்தக் குச்சிக்குள் மாதக்கணக்கில் தாங்கும் உணவு இருக்கிறது. சரியான சேற்றில் மூன்றில் ஒரு பங்கைச் செருகினால் தானே வேர்விடும். அதனால்தான் உலகின் பெரிய கண்டல் நடவுகள் சில நாற்றங்கால் இல்லாமலே நடந்தன. போரின்போது களைக்கொல்லி தூவி அழிக்கப்பட்ட வியட்நாமின் கான் ஜியோ காட்டுக்கு, 1978 முதல் நாட்டின் தென்கோடியிலுள்ள கா மாவிலிருந்து ரைசோஃபோரா குச்சிகளைக் கொண்டுவந்து நேராகச் செருகினார்கள். 2000-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்கே மரம்தான் போயிருந்தது. மண்ணும் ஓதமும் அப்படியே இருந்தன. மலேசியாவின் மாத்தாங் காடு 1902 முதல் கரிக்கும் கழிக்கும் வெட்டி, மறுபடி வளரவிட்டு நிர்வகிக்கப்பட்டு வருகிறது. சுமார் 40,000 ஹெக்டேர். 30 ஆண்டுச் சுழற்சி. அங்கும் இயற்கையாகக் கன்று வராத இடத்தில் முதலில் குச்சியைத்தான் செருகுகிறார்கள். நண்டும் குரங்கும் விட்டுவைக்காத இடங்களுக்குத்தான் பையில் வளர்த்த கன்று.

வெண்கண்டல், அதாவது அவிசென்னியா மெரினா, வேறு மாதிரி. அதன் முளை தோலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். விழுந்த காயை ஒரு நாள் நீரில் ஊறவைத்தால் தோல் கழன்று, மடிந்த இரண்டு தடித்த வித்திலைகள் வெளிவரும். பிறகு காத்திருக்க நேரமில்லை, சில நாட்களுக்குள் சேற்றைத் தொட வேண்டும். காய் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் விழும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். மழைநீர் உப்பைத் தணிக்கும் வாரங்களில் நட வேண்டும் என்றால், காய் கிடைக்கும் காலமும் நட ஏற்ற காலமும் எப்போதும் ஒத்துவராது. நாற்றங்காலின் முதல் நியாயமான பயன் இந்த இடைவெளியை நிரப்புவது.

மூன்றாவது வகைக்கு நாற்றங்கால் தவிர்க்க முடியாதது. தில்லை, கியோரா, சோமுந்திரி போன்றவை சாதாரண விதை போடுபவை. வங்கதேசம் 1966 முதல் கடலோர மண்மேடுகளில் காடு வளர்க்கிறது. அங்கே பெரும்பாலும் நடப்பட்டது கியோரா, அதாவது சொன்னரேஷியா அபெட்டலா. அதன் பழத்தில் விதைகள் பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். பழங்களைக் குவித்து அழுகவிட்டு, கழுவி விதையைப் பிரித்து, மேட்டுப் பாத்தியில் தூவி வளர்த்துப் பிறகுதான் நடுவார்கள். அந்த விதையை நேராகச் சேற்றில் போட்டால் அடுத்த ஓதம் அள்ளிப் போய்விடும். அங்கே நாற்றங்காலே திட்டத்தின் முதுகெலும்பு. ஆனால் வசதியாக வளரும் ஒரே மரத்தை நம்பியதற்கு விலையும் கொடுத்தார்கள். தண்டு துளைக்கும் பூச்சி பெரும் பரப்பைச் சேதப்படுத்தியது. அதே கியோராவை 1985-இல் சீனா ஹைனான் தீவுக்குக் கொண்டுபோனது. வேகமாக வளர்ந்து கரையை மூடியது. அது உள்ளூர்க் கண்டலை நெருக்குகிறதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

நாற்றங்கால் வேலை எளிமையாகத் தெரியும். இடம் தேர்வதில்தான் பாதி வெற்றி. ஓதநீர் தானே வந்து நனைத்துவிட்டுப் போகும் மட்டத்தில் அமைத்தால் தண்ணீர் ஊற்றும் கூலி மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், கன்று முதல் நாளிலிருந்தே நனைவதற்கும் காய்வதற்கும் பழகுகிறது. மட்டம் கொஞ்சம் தாழ்ந்தால் பை எந்நேரமும் நீரில் கிடந்து வேர் மூச்சுத் திணறும், தண்டில் கொட்டலசு ஒட்டும். கொஞ்சம் உயர்ந்தால் வெயிலில் பைமண்ணின் உப்பு ஏறி இலை ஓரம் கருகும். நம் கரையில் இது இன்னும் நுட்பமான சிக்கல். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. பிச்சாவரத்தில் ஏற்றவற்ற வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர்தான், பல நாட்கள் அதற்கும் வெகு குறைவு. அங்கே ஒரு சாண் மட்ட வேறுபாடு என்பது ஒரு மரத்துக்கு வாழ்வா சாவா என்ற வேறுபாடு. மற்ற நாட்டுக் கையேட்டில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தால் இங்கே பயன்படாததற்கு இதுதான் காரணம்.

பைக்கு மண் எங்கே எடுப்பது? அருகிலுள்ள கழியின் சேறுதான். தோட்டத்துச் செம்மண்ணும் எருவும் போட்டு வளர்த்த கன்று பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், உப்புச் சேற்றில் வைத்ததும் துவண்டுவிடும். களிமண் அதிகமானால் கொஞ்சம் மணல் கலப்பார்கள். அடியில் துளை இல்லாத பையில் நீர் தேங்கும். முதல் வாரங்களில் வலைநிழல் வேண்டும், பிறகு படிப்படியாக அதை விலக்க வேண்டும். உப்பிலும் இதே முறைதான். இளங்கன்று உப்புக் குறைந்த நீரில் வேகமாக வளரும். அதை நம்பிக் கடைசிவரை நல்ல நீரையே ஊற்றினால் நடும் நாளன்று அதிர்ச்சி. நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நடப்போகும் இடத்தின் உப்புக்குப் பழக்கி, வெயிலில் வைத்து, கன்றைக் கடினப்படுத்துவது அனுபவசாலிகள் விடாமல் செய்கிற வேலை.

எத்தனை மாதம் வளர்ப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சுரபுன்னைக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்பது பரவலான வழக்கம். பெரிய கன்று அலையைத் தாங்கும் என்று சிலர் ஓராண்டு வைத்திருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகம். சிறிய பையில் நெடுநாள் இருந்த வேர் சுற்றிச் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகு அது பக்கவாட்டில் பரவாமல் மரம் சாயும். போதாததற்கு எடை. ஈரச்சேறு நிரம்பிய பைகளை வள்ளத்தில் ஏற்றி, முழங்கால் சேற்றில் தலைச்சுமையாகச் சுமந்து போக வேண்டும். கன்று பெரிதாகப் பெரிதாக ஒரு நாளில் ஓர் ஆள் நடக்கூடிய எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். குச்சியைச் செருகுவதைவிடப் பைக்கன்று நடுவது பல மடங்கு செலவு என்பதில் ஆய்வுகள் பொதுவாக ஒத்துப்போகின்றன. இன்னொன்றும் உண்டு. பையைக் கிழித்து நீக்காமல் நடுவது, நீக்கினாலும் அங்கேயே போட்டுவிட்டு வருவது. காட்டை மீட்கப் போய் கழியில் பாலித்தீன் விதைப்பது போன்ற அபத்தம் வேறில்லை.

எதிரிகளில் முதலாவது நண்டு. விழுந்த முளைக்குச்சிகளையும் காய்களையும் நண்டுகள் எந்த அளவுக்குத் தின்கின்றன, எந்த மரம் எந்த மட்டத்தில் முளைக்கலாம் என்பதை அவை எப்படி மறைமுகமாகத் தீர்மானிக்கின்றன என்று 1980-களில் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஸ்மித் காட்டினார். அதற்கு முன்பே பல நாட்டுக் கரையோர மக்களுக்கு ஒரு கைமுறை தெரிந்திருந்தது. குச்சிகளை ஓரிரு வாரம் நிழலில் போட்டு வாடவிட்டால் நண்டு அவ்வளவாகத் தொடாது. நட்ட பிறகு எதிரி ஆடுமாடு. வெண்கண்டல் இலை நல்ல தீவனம். முத்துப்பேட்டை ஓரத்தில் மாடு, கச்சு வளைகுடாவில் கடலில் நீந்திப் போய் மேயும் காராய் ஒட்டகம். மேய்ப்பவரிடம் பேசாமல் வேலி மட்டும் போட்ட இடங்களில் வேலிதான் முதலில் போகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் கன்றைப் பற்றியது. காட்டைப் பற்றிய பாடம் நமக்குக் கிடைத்தது பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும்தான். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின்னும் சில காலம் வனத்துறை இந்தக் காடுகளைக் கூப்பு முறையில் வெட்டியது. ஒரு பகுதியை மொட்டையாக வெட்டிவிட்டு, அது தானே வளரட்டும் என்று விடுவதுதான் அந்த முறை. வளரவில்லை. பல காலம் அதற்கு உள்ளூர் மக்களையும் மாடுகளையும் குறை சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் நிலத்தின் மட்டத்தை அளந்து பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போன திடலில் வெயில் நேராக விழுந்து, சேற்றின் ஈரம் வற்றி, நடுப்பகுதி அமுங்கித் தொட்டி போல் ஆகிவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி வற்றுகிறது. ஆண்டுக்காண்டு உப்பு சேர்ந்து மண்நீரின் உவர்ப்பு கடல்நீரைப் போல் இரு மடங்கையும் தாண்டியது. அந்த மண்ணில் எந்த நாற்றங்காலின் எந்தக் கன்றும் நிற்காது.

தீர்வு மண்வெட்டி. இயற்கைக் கழியிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் மீன்முள் போலப் பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பையும் அள்ளிக்கொண்டு வெளியேறும். வாய்க்கால் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்டப்பட்டதால் இருபுறமும் சரிவு கிடைத்தது. அந்தச் சரிவின் நடுவில், மூழ்கவும் செய்யாமல் காயவும் செய்யாமல் இருக்கும் கோட்டில், வெண்கண்டல் காய்களைப் பெரும்பாலும் நேராகவே ஊன்றினார்கள். கிள்ளை அருகே இருளர் குடும்பங்கள் இந்த வேலையில் கூலியாட்களாக மட்டும் இல்லாமல் குழுவாகவும் சேர்ந்தார்கள். கையால் துழாவி இறாலும் மீனும் பிடிப்பவர்களுக்கு எந்தக் கிளையில் எப்போது எவ்வளவு தண்ணீர் என்று அளவுகோல் இல்லாமலே தெரியும். வனத்துறையும் ஊரும் சேர்ந்து நிர்வகிக்கும் முறையும் அந்தத் திட்டத்தில் உருவாகி, ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் போனது. வாய்க்கால் வெட்டிவிட்டுப் போய்விட முடியாது என்பது பின்னால் தெரிந்தது. வண்டல் படிந்து தூர்ந்துபோகும், தூர்வார ஆண்டுதோறும் பணம் வேண்டும். திட்டம் முடிந்த பிறகு அந்தப் பணத்துக்குத்தான் தட்டுப்பாடு.

ஓதநீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்துக் கண்டல் இனங்களை வகுக்கும் சிந்தனை புதிதல்ல. மலாயாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த வாட்சன் 1928-லேயே நீர் மூழ்கும் அளவை ஐந்து வகுப்பாகப் பிரித்து, எந்த வகுப்பில் எந்த மரம் என்று எழுதிவைத்தார். அதையே மீட்புக்கான முறையாக மாற்றியவர் ஃப்ளோரிடாவின் ராபின் லூயிஸ். முதலில் அங்கே வளர்ந்த மரங்களின் இயல்பைப் படி. பிறகு நீர்ப்போக்கைப் பார். காடு ஏன் தானாகத் திரும்பவில்லை என்று கண்டுபிடி. அந்தத் தடையை நீக்கு. விதை வருகிறதா என்று பார். வராவிட்டால் மட்டும் நடு. ஃப்ளோரிடாவின் வெஸ்ட் லேக்கில் சுமார் 500 ஹெக்டேரை மண்மட்டத்தையும் நீர்வழியையும் சீர்செய்தே மீட்டார்; கண்டல் கன்று நடவில்லை. இந்தோனேசியாவின் வட சுலவேசியில் தீவோகோ என்ற ஊரில், கைவிடப்பட்ட இறால் பண்ணையில் பலமுறை நட்டும் தோற்ற பிறகு, பண்ணைக் கரைகளை உடைத்து நீர்வழியைத் திறந்ததும் காடு தானே வந்தது.

அப்படியானால் நாற்றங்காலுக்கு மீதி என்ன வேலை? நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம். விதை தரும் தாய்மரமே அருகில் இல்லாத கரை. விதை வந்து ஒட்டுமுன் அலை அடித்துப்போகும் முகப்பு. வாய்க்கால் வெட்டியும் ஒரே இனம் மட்டும் நிற்கும் காடு. இந்தக் கடைசிதான் தமிழ்நாட்டுக்கு மிகப் பொருந்தும். காவிரியின் நல்ல நீர் கழிமுகத்துக்கு வருவது குறைந்துவிட்டதால், உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே முத்துப்பேட்டையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. பிச்சாவரத்தில் இன்னும் பல இனம் இருக்கிறது. சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஏற்ற ரைசோஃபோரா அண்ணாமலயானா என்ற கலப்பினம் அங்கே கண்டறியப்பட்டது. இரண்டு ரைசோஃபோராக்கள் கலந்து பிறந்த அந்த மரம் விதையால் பெருகுவது அரிது. அதற்கும் அருகிவரும் மற்ற இனங்களுக்கும் பதியனும் பாத்தியும் உள்ள நிதானமான, சிறிய நாற்றங்கால் வேண்டும். லட்சக்கணக்கில் வெண்கண்டல் பைகளை அடுக்கும் நாற்றங்கால் அல்ல.

ஆனால் பணம் ஓடுவது எண்ணிக்கையின் பக்கம். 2013-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரே நாளில் 8,47,275 கண்டல் நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தச் சாதனைப் புத்தகத்தில் மறுநாள் எத்தனை நின்றன என்பதற்குக் கட்டம் இல்லை. ஒன்றிய அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த மிஷ்டி திட்டம் ஐந்தாண்டில் 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிவைக்கிறது. 2021 வன அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திப் பரப்பே 45 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய இலக்கில், நட்ட கன்றுக்குக் காசு என்றால் நடுவார்கள். மூன்றாம் ஆண்டு நிற்கும் கன்றுக்குக் காசு என்றால் இடம் பார்த்து நடுவார்கள். இலங்கை ஆய்வும் பின்பராமரிப்பு இருந்த இடங்களில்தான் கன்று பிழைத்தது என்கிறது. வேலை உத்தரவில் தொகையைப் பிரிக்கும் விதத்தை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கண்டல் நடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களையும் கொஞ்சம் சலிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் அடர்ந்த மரப்பரப்பின் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் குறைவாகச் சேதப்பட்டன என்று 2005-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு உலகெங்கும் மேற்கோளானது. அதே ஆண்டு 18 சிற்றூர்களை வைத்து வந்த மற்றொரு ஆய்வும் மரம் உயிர் காத்தது என்றது. அந்தத் தரவை மறுபடி அலசியவர்கள், கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று 2006-இல் மறுத்தார்கள். சாதாரணப் புயல் அலையைக் கண்டல் தணிக்கிறது, மண்ணைப் பிடிக்கிறது, மீனுக்கும் இறாலுக்கும் குஞ்சுப்பருவ இல்லமாகிறது, சேற்றில் கரியைப் புதைத்து வைக்கிறது. இவற்றுக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. சுனாமிச் சுவர் என்ற வாக்குறுதியை வைத்து ஒரு ஊரைக் கடலோரத்திலேயே குடியமர்த்துவது ஆபத்து.

கடைசியாக, தவறான இடத்தில் நடுவது ஏன் நிற்கவில்லை? அறியாமை மட்டும் காரணம் அல்ல. கண்டல் இருந்த சரியான மட்டத்து நிலம் இன்று பெரும்பாலும் இறால் பண்ணை, உப்பளம், கரை கட்டிய வயல். அதற்குப் பட்டா உண்டு, குத்தகை உண்டு, சொந்தக்காரர் உண்டு. அதற்கு வெளியே கடல் பக்கம் கிடக்கும் சேற்றுத் திடலுக்கும் கடற்புல் தரைக்கும் கேட்பார் இல்லை, அதனால் நடவு அங்கே போகிறது. அங்கே கண்டல் வளராததற்குக் காரணம், அது எப்போதும் கண்டல் நிலமாக இருந்ததே இல்லை. நட்டவர்கள் சில சமயம் மீனுக்கும் கடற்பறவைக்கும் இரை தரும் நல்ல திடலைக் கெடுத்துவிட்டும் வருகிறார்கள். பிலிப்பைன்ஸ் 1998 மீன்வளச் சட்டத்தில், கைவிடப்பட்ட மீன்குட்டைகளைப் பழையபடி கண்டலாக்க வழி செய்தது. நடைமுறை மெதுவாகத்தான் நகர்கிறது. நம்மிடம் 1996-இல் உச்சநீதிமன்றம், ஜெகந்நாதன் என்பவர் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. நோயால் நொடித்துக் கைவிடப்பட்ட பண்ணைகள் நாகை, திருவாரூர் கரைகளில் கிடக்கின்றன. கரையை இரண்டு இடத்தில் உடைத்து, மதகு மட்டத்தைச் சரிசெய்து, இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் வெறுமையாகக் கிடக்கும் திட்டுகளுக்கு எத்தனை கன்று, எந்த இனம் என்று கணக்குப் போட்டு நாற்றங்கால் தொடங்கலாம்.